மஞ்சி மில்லிலிருந்து குளத்துக்கு

பொள்ளாச்சிப் பக்கம் குளங்களில் நாட்டுமீனைக் காக்க முன்வரும் கண்ணுகளுக்கு:

1. மஞ்சி மில்காரர் (தேங்காய் மட்டையில் நார் எடுக்கும் ஆலைக்காரர்) நாரும் பித்தும் லாரியில் கொண்டுவந்து, "சும்மாவே எடுத்துக்குங்க" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அவருக்குக் கொட்ட இடம் வேண்டும், நமக்கு மீன் வேண்டும்.

2. நார் வேறு, பித் (நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) வேறு. நாரைக் குளத்தில் கட்டுவது மீன் முட்டை ஒட்டிக்கொள்ள. பித்தைத் தண்ணீரில் போடவே கூடாது. உப்பும் டானினும் இறங்கும். கேரளக் காயல்களில் தேங்காய் மட்டையை ஊறப்போட்ட இடங்களில் ஆக்சிஜன் போய், நாற்றமெடுத்து, மீன் ஒதுங்கிப்போன கதை ஊரறிந்தது. பித்தை அலசி, மக்கவைத்துக் கரைச் செடிக்கு வையுங்கள்.

3. நாரையும் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீர் செம்பழுப்பு விட்டு வெளிறும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். சாயம் ஏற்றியது, ரப்பர் பால் தெளித்தது இரண்டும் வேண்டாம்.

4. இதுதான் முக்கியம். எந்த மீனின் முட்டை ஒட்டும் என்று தெரியாமல் நார் கட்டாதீர்கள். ரோகு, கட்லா முட்டை ஒட்டாது. ஆற்று வெள்ளத்தோடு போகும். வாளை, கெளுத்தி முட்டை ஒட்டும். வாளை இன்று உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்காக, மழைத்தண்ணீர் ஏறும் நேரத்தில் ஓரத்து ஆழமில்லாத இடத்தில் நார்க்கொத்தைக் கட்டலாம். ஆனால் சாதாக் கெண்டை முட்டையும் ஒட்டும். மீன்பண்ணைகளில் நாரைக் கட்டித் தொங்கவிட்டதே அதற்காகத்தான். அது வெளிநாட்டு மீன். அது மண்டிய குளத்தில் நார் கட்டினால், நம் செலவில் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறோம். முதலில் வலை வீசி, உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

5. கரை மண் சரிந்தால் முட்டை புதைந்துவிடும். அங்கே தென்னங்கயிற்று வலை விரித்து வெட்டிவேர் நடுங்கள். வலை சில வருஷத்தில் மக்கும். அதற்குள் வேர் பிடிக்க வேண்டும். கட்டுவதற்கும் தென்னங்கயிறுதான், நைலான் கூடாது.

6. விராலுக்கு நம் நார் தேவையே இல்லை. செடி மண்டிய ஓரத்தை வழித்தெடுக்காமல் விட்டாலே போதும். நீர்மேல் செந்நிறக் குஞ்சுகள் மொத்தமாகத் திரண்டு நகர்ந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயம் பார்த்துத் தூண்டில் போடுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. அவரோடு சண்டை வேண்டாம், கூடவே உட்கார்ந்து குஞ்சைக் காட்டுங்கள்.

7. குளம் ஊராட்சியுடையதா, நீர்வளத்துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மீன்பாசிக் குத்தகைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் கட்டிய நார்க்கொத்து அவர் இழுவலையில் சிக்கினால், அடுத்த முறை உங்களைக் கரையேறவே விடமாட்டார்.