சுங்கச்சாவடியில் ஒரு சமன்பாடு

எங்கள் பள்ளி கள்ளிக்குப்பத்தில் உள்ளது. பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் நோக்கிச் செல்லும், ஏறக்குறைய 32 கி.மீ. நீளமுள்ள சென்னைப் புறவழிச்சாலை எங்கள் பகுதியை ஒட்டியே போகிறது. வானகரத்திலும் சூரப்பட்டிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. மாணவர்களின் பெற்றோரில் ஓட்டுநர்கள் பலர். எனவே எட்டாம் வகுப்புக் கணிதத்துக்குச் சுங்கக் கட்டணத்தையே எடுத்துக்கொண்டேன்.

கற்றல் நோக்கம்

ஒரு மாறியில் அமைந்த சமன்பாட்டை உருவாக்குதல். விடையைக் கொண்டு முடிவெடுத்தல்.

வகுப்பில் நடந்தது

2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் உள்ள மூன்று செய்திகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

1. ஒருமுறை செல்லக் கட்டணம்: க.
2. 24 மணி நேரத்துக்குள் போய்வரக் கட்டணம்: 1½ க.
3. ஒரு மாதத்தில் 50 நடைக்கான பாஸ்: 50 நடைக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 33⅓ க.

"மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அடிக்கடி போகிறவர்கள் பாஸ் எடுப்பதே லாபம்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஒரு மாணவியின் தந்தை வாடகை கார் ஓட்டுநர். மீனம்பாக்கம் விமான நிலையச் சவாரிக்காகப் புறவழிச்சாலையில் போய்வருபவர். அவள் அன்று மாலையே தந்தையிடம் பாஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். பிறகு இருவரும் கைப்பேசியில் வந்திருந்த ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் வந்து, "சார், அப்பா போன மாசம் 20 நாள்தான் அந்தச் சாவடி வழியா போய்வந்தார். பாஸ் எடுத்தா நஷ்டம் சார்" என்றாள்.

அவள் சொன்னதே சரி. 20 நாளுக்கு 20 × 1½ க = 30 க. பாஸ் எடுத்திருந்தால் 33⅓ க. நான் பாஸை ஒருவழிக் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டிருந்தேன். போய்வருவோருக்கு ஏற்கெனவே சலுகை உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் தவறை வகுப்பிலேயே சொல்லி, அதையே அன்றைய பாடமாக்கினேன்.

நாள்களின் எண்ணிக்கை 'ந' எனில்,

1½ க × ந = 33⅓ க

இரு பக்கமும் 'க' நீங்கிவிடுகிறது. ந = 22 2/9. கட்டணம் எவ்வளவு என்றே தெரியாமல் விடை கிடைத்தது மாணவர்களுக்கு வியப்பாக இருந்தது. நாளை முழு எண்ணாகத்தான் எடுக்க முடியும். ஆகவே,

22 நாள் – 33 க (பாஸ் வேண்டாம்)
23 நாள் – 34½ க (பாஸ் லாபம்)
25 நாள் – 37½ க (பாஸ் லாபம், 50 நடையும் முடிந்தது)

ஒருவழி மட்டுமே செல்பவருக்கு 34ஆவது நடையிலிருந்து பாஸ் லாபம். உண்மையான கட்டணங்கள் 5 ரூபாய்க்கு முழுமையாக்கப்படுவதால் சிறு வேறுபாடு வரலாம். சாவடிப் பலகையிலுள்ள தொகையை இட்டுச் சரிபார்க்கச் செய்யலாம்.

தொடர் செயல்பாடுகள்

• 2025 ஆகஸ்டு 15 அன்று தனியார் கார்களுக்கு 3000 ரூபாயில் ஆண்டுப் பாஸ் அறிமுகமானது. 200 நடை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அந்த அறிமுக விலையில் முழுதும் பயன்படுத்தினால் நடைக்கு 15 ரூபாய். 120 நடை மட்டுமே சென்றால்? வாடகை கார்களுக்கு இது கிடையாது. ஏன் என்பதைச் சமூக அறிவியல் வகுப்பில் விவாதிக்கலாம்.

• கொழும்பையும் கட்டுநாயக்க விமான நிலையத்தையும் இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலை 2013இல் திறக்கப்பட்டது. அங்கே பயணம் செய்யும் தூரத்துக்கேற்பக் கட்டணம் மாறும். சாவடிக்கு ஒரே கட்டணம் என்ற முறையோடு ஒப்பிட்டு, குறுகிய தூரம் செல்பவருக்கு எது நல்லது எனக் கேட்கலாம்.

கவனத்துக்கு

மாணவர்களைச் சாவடிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். கட்டணப் பலகையின் படம் போதும். வீட்டு வருமானத்தையும் செலவையும் வகுப்பில் கேட்க வேண்டாம். நாள்களின் எண்ணிக்கை இருந்தாலே கணக்கு முடிந்துவிடும். அந்த மாணவி தந்தையின் 20 நாளைத் தானாகவே சொன்னாள். மற்றவர்களுக்கு நான் கற்பனை எண்களையே கொடுத்தேன்.