பறப்புத் திட்டம் யாருக்காக?



அமெரிக்காவில் வானம் தெளிந்திருக்கும் நாளில், கண்ணால் பார்த்து ஓட்டும் வி.எஃப்.ஆர். விதிகளின்படி ஊர்விட்டு ஊர் பறக்கும் தனியார் விமானி பறப்புத் திட்டம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நாட்டு எல்லையைக் கடப்பது, வாஷிங்டனைச் சுற்றியுள்ள சிறப்பு வான்வெளியில் நுழைவது போன்ற சில இடங்களில்தான் விதி அதைக் கேட்கிறது. கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறப்பவரின் கணக்கு வேறு. மற்றபடி கொடுப்பதும் விடுவதும் விமானியின் விருப்பம். ஆனாலும் ஒவ்வொரு நெடும்பயணத்துக்கும் கொடுப்பதே சரி.

வி.எஃப்.ஆர். திட்டம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குப் போகிறது என்று பயிற்சி மாணவர் பலர் எண்ணுகிறார்கள். அது ஃபிளைட் சர்வீஸ் என்ற தகவல் சேவைக்குத்தான் போகிறது. விமானத்துக்கு வழிவிடவோ, எதிரே வருவதை எச்சரிக்கவோ அதனால் முடியாது. திட்டத்தைப் பொறுத்தவரை அதன் வேலை ஒன்றுதான்: விமானம் வந்து சேராவிட்டால் தேடலைத் தொடங்குவது. அதனால்தான் விமானத்தின் வகை, நிறம், வழி, புறப்படும் நேரம், பயண நேரம், எரிபொருள் எத்தனை மணி தாங்கும், உள்ளே எத்தனை பேர் என்பதையெல்லாம் அது கேட்கிறது.

புறப்பட்டதும் விமானி திட்டத்தைத் திறக்க வேண்டும். திறந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சேர வேண்டிய நேரம் கடந்து 30 நிமிடம் ஆகியும் அது மூடப்படாவிட்டால் ஃபிளைட் சர்வீஸ் விசாரிக்கத் தொடங்கும். முதலில் சேருமிட விமான நிலையம், விமானியின் கைப்பேசி, பிறகு வழியிலுள்ள நிலையங்கள். எங்கும் தகவல் கிடைக்காவிட்டால் செய்தி ஃபுளோரிடாவின் டிண்டால் தளத்திலுள்ள விமானப்படை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். சிவில் ஏர் பேட்ரோல் தன்னார்வலர்களின் விமானங்கள் தேடக் கிளம்பும்.

எங்கே தேடுவது என்பதில்தான் திட்டத்தின் முழு மதிப்பும் இருக்கிறது. மணிக்கு 100 கடல் மைல் வேகம், நான்கு மணி நேர எரிபொருள் என்று ஒரு சிறு விமானத்தை வைத்துக்கொள்ளலாம். போன திசை தெரியாவிட்டால் தேட வேண்டியது 400 கடல் மைல் ஆரமுள்ள வட்டம்; பரப்பு சுமார் 5 லட்சம் சதுரக் கடல் மைல். 200 கடல் மைல் நீளமுள்ள வழி தெரிந்து, அதன் இருபுறமும் பத்துப் பத்து மைல் தேடினால் பரப்பு 4,000. காயம்பட்டவர் குளிரில் கிடக்கும்போது இந்த வேறுபாடு உயிரின் விலை.

வழி தெரியாத தேடலுக்கு உதாரணம் ஸ்டீவ் ஃபாசெட்; பலூனிலும் விமானத்திலும் தன்னந்தனியாக உலகை நிற்காமல் சுற்றிய சாதனையாளர். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவின் ஒரு பண்ணையிலிருந்து இரண்டு இருக்கை விமானத்தில் உல்லாசமாகச் சுற்றக் கிளம்பினார். பறப்புத் திட்டம் கொடுக்கவில்லை, விதியும் கேட்கவில்லை. விபத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அவசரக் கருவியின் சமிக்ஞை எதுவும் வரவில்லை. பல வாரம் நடந்த தேடலில் பழைய விபத்துச் சிதைவுகள்கூடக் கண்ணில் பட்டன. ஃபாசெட்டின் விமானம் படவில்லை. 2008 செப்டம்பர் இறுதியில் கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் அருகே மலையேறி ஒருவர் ஃபாசெட்டின் அடையாள அட்டைகளைக் கண்டெடுத்த பிறகே சிதைவு கிடைத்தது. உல்லாசச் சுற்றலுக்கு நேர்கோட்டு வழி கிடையாது என்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கத்து மலை என்று ஒரு வரி எழுதியிருந்தாலே தேடல் வேறு விதமாக நடந்திருக்கும்.

திட்டம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட செஸ்னா 310 விமானத்தில் பிரதிநிதிகள் சபைப் பெரும்பான்மைத் தலைவர் ஹேல் போக்ஸும் உறுப்பினர் நிக் பெகிச்சும் இருந்தனர். விமானி திட்டம் கொடுத்திருந்தார். 39 நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. எனவே 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியும் உடன் இருப்பது அவசியம். பழைய 121.5 அலைவரிசையை செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. புதிய கருவியும் மோதலில் ஆன்டெனா முறிந்தால் ஊமைதான். அப்போது கையில் எஞ்சுவது திட்டம்.

கட்டுப்பாட்டாளர் ரேடாரில் தொடர்ந்து கவனிக்கும் ‘ஃபிளைட் ஃபாலோயிங்’ போதுமே என்பது அனுபவசாலிகள் பலரின் வாதம். அதில் பெரும் நியாயம் உண்டு. விமானம் திரையிலிருந்து மறைந்ததும் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். அரை மணி காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சேவை கட்டுப்பாட்டாளரின் வேலைப்பளுவைப் பொறுத்தது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம். மலைகளுக்கு நடுவே தாழப் பறக்கும்போது ரேடாரும் வானொலியும் எட்டுவதில்லை. தேடல் மிகக் கடினமாகும் நிலமும் அதுவே. இரண்டையும் சேர்த்துக் கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் நல்லதுதான். ஆனால் எப்போது கவலைப்பட வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியாது.

உண்மையான தொல்லை மறதி. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தில் இறங்கினாலும் கட்டுப்பாட்டாளர் வி.எஃப்.ஆர். திட்டத்தைத் தானாக மூடுவதில்லை. அது விமானியின் பொறுப்பு. மூட மறந்தால், பத்திரமாக இறங்கியவரைத் தேடி ஊரெல்லாம் தொலைபேசி ஒலிக்கும். இப்போது கைப்பேசிக்கு வரும் செய்தியிலுள்ள இணைப்பைத் தொட்டே திறக்கவும் மூடவும் முடிவதால் சாக்குக்கு இடம் குறைவு. வழி மாறினாலும், வேறு ஊரில் இறங்கினாலும், தாமதமானாலும் வானொலியில் உடனே தெரிவிக்க வேண்டும். பழைய வழியைச் சொல்லும் திட்டம் தேடுவோரைத் தவறான மலைக்கு அனுப்பும்.

இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கும் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் திட்டம் கொடுக்குமாறு அமெரிக்க விமானத் துறையின் கையேடு அறிவுறுத்துகிறது. மூன்று ஊர்ப் பயணத்தை ஒரே திட்டமாக எழுதினால், காலையில் முதல் கட்டத்தில் விழுந்த விமானத்தை மாலை வரை யாரும் தேட மாட்டார்கள்.