கடை எடுக்கும் முன்: உள்வாடகை பற்றித் தெரிந்துகொள்வோம்



தமிழ்நாட்டில் மகளிர் குழு வேலை 1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆடு, கறவை மாட்டுக்குக் கடன் கேட்ட நாம் இன்று ராகி மாவு, சாமை, புளி விற்க டவுனில் கடை தேடுகிறோம். அப்போது ஒருவர், "என் கடையில பாதி இடம் சும்மா கிடக்கு, அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடுங்கம்மா" என்பார். அவர் கடைக்குச் சொந்தக்காரரா, அவரே வாடகைக்கு இருப்பவரா? முதலில் இதைக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் இன்னொருவருக்கு விடுவதுதான் உள்வாடகை.

சொந்தக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விட்டால் காலி செய்ய வைக்கலாம் என்று 1960-ம் வருட வாடகைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் வருடச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும் என்கிறது. "ஓனர் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. அவரை வெளியேற்றினால் நாமும் ராக்கையோடு ரோட்டுக்கு வரவேண்டியதுதான். அட்வான்சை அவரிடம்தான் கேட்க முடியும், சொந்தக்காரரிடம் கேட்க முடியாது. அது குழுக் கடன் பணமாக இருந்தால் தவணை மட்டும் நிற்காது!

சிலர், "கூட்டு வியாபாரம்னு பத்திரம் எழுதிக்கலாம்" என்பார்கள். பேப்பரில் என்ன பெயர் இருந்தாலும், கடை உண்மையில் யார் கையில் இருக்கிறது என்றுதான் கோர்ட் பார்க்கும். உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் இப்படித்தான் சொல்லியிருக்கிறது. வாடகைதாரரும் கடையில் இருந்து, லாப நஷ்டத்தில் பங்கெடுத்தால் அது வேறு. சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் பணம் வாங்கினால் அது உள்வாடகைதான்.

நகராட்சி, ஊராட்சிக் கடைகளில் இன்னும் உஷார் வேண்டும். அவற்றுக்கு 2017 சட்டம் பொருந்தாது, ஏல நிபந்தனைதான் கணக்கு. உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது அதில் வழக்கமாக இருக்கும். மீறினால் ஏலம் எடுத்தவரின் உரிமத்தையே ரத்து செய்யலாம். நாம் கொடுத்த அட்வான்ஸ் எந்த ஆபீஸ் கணக்கிலும் இருக்காது.

கிராமத்தில் தனியார் கடை என்றால் 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்தில் தடை எழுதியிருக்காவிட்டால் உள்வாடகைக்கு விட அதில் இடமுண்டு. அதனால் ஒப்பந்தத்தை வாங்கி வரி வரியாகப் படிக்க வேண்டும்.

சம்மதக் கடிதத்தில் எந்த இடம், எவ்வளவு காலம், என்ன வியாபாரம் என்று எழுதி சொந்தக்காரர் கையெழுத்துப் போடட்டும். அதைப் பார்த்த பிறகு தீர்மானம் எழுதி, அட்வான்சைக் குழுக் கணக்கிலிருந்து செக்காகக் கொடுங்கள். குழுவே கடை எடுத்திருந்தாலும் இதே விதிதான். "தம்பி செல்போன் கடை வைக்கட்டும்" என்று ஓர் உறுப்பினர் ஓரத்தை விட்டுக்கொடுத்தால் மாட்டுவது குழு.

பத்திரம் புரியவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.