கிளட்ச் விடவில்லை என்றால் பிளேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

“கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” லிவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி இழுக்கிறது, சிக்னலில் நியூட்ரல் விழவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பல ஒர்க்‌ஷாப்களில் வரும் பதில் இது. வண்டிக்காரரும் நம்பிவிடுகிறார். ஆயில் இறங்குகிறது, மூடி கழல்கிறது, புது பிளேட் செட் ஏறுகிறது. பல நேரம் பழைய இழுவை அப்படியே இருக்கிறது. கிளட்சைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் அதிகம் செலவு வைப்பது இதுதான்.

தேய்ந்த பிளேட் தரும் தொல்லை வேறு. ரேஸ் கொடுத்தால் இஞ்சின் அலறும், வண்டி அந்த அளவுக்கு ஓடாது, மேட்டில் திணறும். அது கிளட்ச் வழுக்குவது, அதாவது பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் இருப்பது. நாம் பேசுவது விட வேண்டிய நேரத்தில் விடாத கிளட்ச். இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபிரிக்‌ஷன் பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் தன்னைத் தள்ளும் பாகத்தை நோக்கி நகர்கிறது. அதனால் லிவரில் இருக்கும் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்சைத் தள்ளத் தொடங்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம், குறையும், அதிகரிக்காது. கிளட்ச் விடாத வண்டியில் பெரும்பாலும் பிளே கூடியிருக்கும். தேய்மானம்தான் காரணம் என்றால் அறிகுறி தலைகீழாக இருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். இஞ்சினோடு சுற்றும் ஹவுசிங்கில் ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகள், கியர்பாக்ஸோடு சுற்றும் ஹப்பில் ஸ்டீல் பிளேட்டுகள், ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன. லிவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் விலகுகிறது. அது ஒன்றரை மில்லிமீட்டர் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஃபிரிக்‌ஷன் பிளேட் உள்ள கிளட்சில் உரசும் முகங்கள் பத்து. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.15 மி.மீ. இடைவெளி, ஓர் அஞ்சலட்டையின் கனம்கூட இல்லை. லிவரில் வீணாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் இந்தச் சிறு இடைவெளியில்தான் கழிகிறது. ஆகவே கைப்பிடியில் தொடங்கி உள்நோக்கித் தேட வேண்டும். இஞ்சின் மூடியைத் தொடுவது கடைசி வேலை.

முதலில் லிவர். அதன் போல்ட் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் முதல் இழுப்பு அங்கேயே போய்விடும். அடுத்தது வயர். லிவருக்குள் உட்காரும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் ஓரிரண்டு இழைகள் பிரிந்து நின்றால் வயர் அறுந்துகொண்டிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள். வெளிக்கூடு ஹேண்டில்பாருக்குக் கீழே நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது லிவரின் பிளே மாறினால் வயர் போகும் வழியே தப்பு. அப்படிப்பட்ட வண்டி நேர்ச்சாலையில் ஒழுங்காக இருக்கும், யூ டர்ன் போடும்போது மட்டும் பிடித்து இழுக்கும்.

“வயரை டைட்டாக வைத்துவிட்டால் கிளட்ச் நன்றாக விடும்” என்பது பாதி உண்மை. அதனாலேயே ஆபத்தானது. பிளே அறவே இல்லாமல் வைத்தால் அன்றைக்கு நியூட்ரல் அழகாக விழும். ஆனால் லிவரை விட்ட பிறகும் பிரஷர் பிளேட் முழுதாக அழுந்தாது. பிளேட் வழுக்கிச் சூடாகிக் கருகும். பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராட் உள்ள வண்டிகளில், ஓய்வே இல்லாமல் அழுத்தப்படும் ராடின் முனை சூடேறித் தேய்ந்து குட்டையாகும். ராட் குட்டையானால் பிரஷர் பிளேட் விலகும் தூரம் குறையும். எதைத் தவிர்க்க வயரை இறுக்கினோமோ அதே கோளாறு சில மாதத்தில் வந்து நிற்கும். ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. பிளே இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

அட்ஜஸ்ட் செய்யும் வரிசையிலும் தவறு நடக்கிறது. பல வண்டிகளில் வயருக்கு ஓர் அட்ஜஸ்டர் இருப்பதோடு, உள்ளே புஷ் ராடுக்கென்று தனியாக ஒரு ஸ்குருவும் லாக் நட்டும் உண்டு. திருவொற்றியூரில் உருவான பழைய நாலு கியர் புல்லட் இதற்கு நல்ல உதாரணம். உள் ஸ்குருவைத் தொடாமல் வயரையே இறுக்கிக்கொண்டு போனால், வயர் இழுக்கும் ரிலீஸ் ஆர்ம் கோணல்மாணலாக நின்று, லிவரை எவ்வளவு இழுத்தாலும் ராடைக் கொஞ்சம்தான் தள்ளும். வயரை முழுக்கத் தளர்த்துங்கள். லாக் நட்டை லூஸ் செய்து, உள் ஸ்குரு ராடை மெல்லத் தொடும்வரை திருப்பி, அங்கிருந்து சற்றே பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். எவ்வளவு பின்வாங்குவது என்பதை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். அதற்குப் பிறகுதான் வயரில் பிளே வைக்க வேண்டும். புல்லட் கிளட்ச் என்றாலே கல்லு மாதிரி, அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வயர் தடையில்லாமல் ஓடி, ராடும் ஒழுங்காக அட்ஜஸ்ட் ஆன புல்லட்டைப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்கும்.

“நியூட்ரல் விழவில்லையா, கியர்பாக்ஸ் கோளாறு.” இதைச் சோதிக்கக் காசே வேண்டாம். இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடி நியூட்ரல் போடுங்கள். சுலபமாக விழுந்தால் கியர்பாக்ஸ் குற்றமற்றது, கிளட்ச்தான் விடவில்லை. அணைத்த நிலையிலும் முரண்டு பிடித்தால்தான் கியர் போடும் பாகங்களைச் சந்தேகப்பட வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பயத்தையும் போக்கிவிடலாம். டபுள் ஸ்டாண்டு போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சைப் பிடித்தபடி வைத்தால் பின்சக்கரம் சுற்றுகிறதே என்று பலர் பதறுகிறார்கள். பிளேட்டுகளுக்கு இடையில் இருக்கும் ஆயிலின் பிசுபிசுப்பே அந்த அளவுக்கு இழுக்கும். பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். சக்கரம் நின்று, இஞ்சின் சத்தம் மாறாமல் இருந்தால் கோளாறு இல்லை. இஞ்சின் திணறினால் கிளட்ச் உண்மையிலேயே இழுக்கிறது. சக்கரத்தைக் கையாலோ காலாலோ மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள்.

ஸ்பிரிங்கை மாற்றி ஹெவி ஸ்பிரிங் போடுவதும் ஒரு வைத்தியமாகச் சொல்லப்படுகிறது. அது வழுக்குகிற கிளட்சுக்கான மருந்து. விடாத கிளட்சுக்குப் போட்டால் கை வலிதான் மிச்சம். ஸ்பிரிங்குகள் ஒரே நீளத்தில் இல்லாமல் பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து விலகுகிறது என்றால் மட்டும் செட்டாக மாற்றலாம்.

ஆயிலும் காரணமாகலாம் என்று மக்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கெட்டியான ஆயில் போட்டால் இஞ்சினுக்கு நல்லது என்று, 10W-30 கேட்கும் வண்டியில் 20W-50 ஊற்றுகிறார்கள். குளிர்ந்த நிலையில் அந்த ஆயிலே பிளேட்டுகளை ஒட்டவைத்து இழுக்கும். மாறாக, உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 1998இல் ஜப்பானில் வகுத்த ஜாசோ தரப்படி, ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்ற ஆயில் டப்பாவில் எம்ஏ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். நாள்கணக்கில் நின்ற வண்டி முதல் கியரில் ‘டக்’கென்று குதிப்பதும் இந்த ஒட்டலால்தான். கிக்கர் உள்ள வண்டியில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை உதையுங்கள், பிளேட்டுகள் பிரிந்துவிடும். கிளட்சைப் பிடித்தால் கிக்கரே இஞ்சினைச் சுற்றாத பழைய புல்லட் போன்றவற்றில் இது நன்றாகவே வேலை செய்யும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இழுத்தால் மூடியைக் கழற்றலாம். அப்போதும் பிளேட்டின் கனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஃபீலர் கேஜை அடியில் நுழைத்து வளைவைப் பாருங்கள். பல கையேடுகள் 0.2 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. ஹவுசிங் விரல்களில் நகத்தை ஓட்டுங்கள். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் அதில் மாட்டும். பிளேட்டும் அங்கேதான் மாட்டிக்கொண்டு விலகாமல் நிற்கிறது. ஆழமில்லாத பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமானால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். புது பிளேட் போட்டும் பலன் கிடைக்காத வண்டிகளில் இந்தப் பள்ளத்தைத்தான் முதலில் தேட வேண்டும். புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டை ஆயிலில் ஊறவைக்காமல் காய்ந்தபடி பூட்டவும் கூடாது.

சரி செய்யும்வரை வண்டியை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், சிக்னலில் நின்ற பிறகு நியூட்ரலுக்காகக் கியரை மிதித்துத் துவைக்காதீர்கள். அந்த அடியெல்லாம் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கில் இறங்குகிறது. வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரல் போட்டுவிடுங்கள். தவறிவிட்டால், முன் பிரேக்கைப் பிடித்தபடி இஞ்சினை அணைத்து, நியூட்ரல் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.