தாத்தாவுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

கதை கிடைத்தது. அதற்கு முன்பே உன் அப்பனின் போனும் வந்துவிட்டது. "செத்துப்போன மனுசன குடிகாரனா எழுதி வெச்சிருக்கா, அண்ணே. சொந்தக்காரங்க படிச்சா என்னா நெனைப்பாங்க?" என்று குதித்தான். அவனுக்குப் பயந்துதானே கடைசிப் பக்கத்தை மாற்றியிருக்கிறாய்? தாத்தா திருந்தி, விபூதி பூசிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். வேண்டாம் மகளே. பழைய முடிவையே வைத்துக்கொள்.

ரப்பர்த் தோட்டத்துக் கதை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வெட்டுக்காரன் தங்கமானவன். கங்காணி கெட்டவன், கிராணி அவனைவிடக் கெட்டவன், துரையைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் மகன் படித்து வக்கீலாகிவிடுவான். கங்காணியின் பிரம்பு பொய்யில்லை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த வெட்டுக்காரனுக்கு அடிவாங்குவதைத் தவிர வேறு வேலையே இருக்காது. ஆசை, பொறாமை, கள்ளத்தனம் எதுவும் கிடையாது. அப்படி ஒருவனை நம் லயத்தில் நான் பார்த்ததில்லை.

லூனாஸ் உனக்குத் தெரிந்த ஊர்தான். 1981ல் அங்கே விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். எத்தனை பேர், எங்கே, எப்போது என்பதைப் பத்திரிகை சொல்லும். பயம் இருந்தும் ஒருவன் ஏன் குடித்தான், ஊற்றிக் கொடுத்தவன் அன்றிரவு எப்படித் தூங்கினான், தாலி அறுத்தவளுக்கு அழுகையின் நடுவில் 'இனி அடி விழாது' என்று தோன்றியதா, இதையெல்லாம் எந்த நிருபர் போய்க் கேட்பார்? கேட்டாலும் யார் சொல்வார்கள்? லூனாஸ்காரரான ம. நவீன் அந்தச் சாவுகளைப் பின்னணியாக வைத்துத்தான் 'பேய்ச்சி' நாவலை எழுதினார். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதற்குத் தடை போட்டது. ஒழுக்கக் கேடு என்பது சொல்லப்பட்ட காரணம். சமுதாயத்தின் மானம் போகிறது என்று முகம் சுளித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. உன் அப்பனின் கவலையும் அதே வகைதான், அளவில் சிறியது.

மானத்தைக் காப்பாற்றும் கதைக்கு நம் கெடாவில் பஞ்சமில்லை. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை, 1947ல் பெடோங்கில் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றது. போலீசோடு மோதல், உயிரும் போனது. பெருமையான சரித்திரம். இதை எழுதினால் மேடையில் மாலை போடுவார்கள், நீயும் எழுது. ஆனால் அன்று மறியலில் நின்றவன் நாலைந்து வருடம் கழித்து, சம்பள நாளில், அதே கடையில் போத்தலோடு உட்கார்ந்திருந்தால்? என்னைக் கேட்டால் கதை அங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை நடந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கவுண்டருக்கே திரும்பிப் போனது. இதை நல்லவன் ஒருவனை வைத்துச் சொல்ல முடியாது, குடித்தவனை வைத்துத்தான் சொல்லமுடியும்.

உடனே இருட்டு என்றால் இலக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதே. மீகோரிங்கில் உப்பில்லை என்பதற்காகச் சம்பாலை அள்ளிக் கொட்டுவதுபோல, கெட்ட வார்த்தையையும் ரத்தத்தையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உன் கதையிலும் ஓரிடம் அப்படி இருக்கிறது: சம்சு சாராயம் விற்கும் கடைக்காரத் தவுக்கே. அவன் வந்தாலே பல்லைக் காட்டிச் சிரிக்கிறான், ஏமாற்றுகிறான், போகிறான். அவனுடைய கடன் நோட்டைத் திறந்து பார். தாத்தாவின் பெயருக்கு நேரே கேட்காமல் விட்டுவிட்ட ஒரு பாக்கி இருக்கட்டும். ஏன் விட்டான் என்று நீ யோசிக்க ஆரம்பித்தால் அவன் ஆளாகிவிடுவான். இதற்குச் சுங்கை பட்டாணி சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவல் கிடைத்தால் படி. அவருக்கு 2017ல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். நம் பக்கத்து மனிதரைப் படிக்கத் தமிழ்நாடு சொல்லியா நமக்குத் தெரியவேண்டும்?

இனி தாத்தா. அடித்தது, சோற்றுப் பானையை எட்டி உதைத்தது, பாட்டியின் கம்மலைக் கொண்டுபோனது, எல்லாம் நீ எழுதியபடிதான். விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். காட்டிலிருந்து வந்தால் அவர் கை முழுக்க ரோமத்தோடு ரப்பர்ப் பால் ஒட்டிக் காய்ந்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து கையை என்னிடம் நீட்டுவார். நான் நூல் நூலாக உரிப்பேன். ரோமம் பிய்ந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். உரித்ததையெல்லாம் உருட்டிப் பந்தாக்கி உன் அப்பனுக்குக் கொடுப்பார், அவன் சுவரில் அடித்து விளையாடுவான். பானை உதைபட்டதும் அப்படி ஒரு நாள் இரவில்தான்.

இரண்டையும் ஒரே நாளில் வை. அவரை மன்னிக்கச் சொல்லி யாரும் உன்னிடம் கேட்கவில்லை. படிக்கிறவன் அவரை லேசில் வெறுத்துவிட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கம்மல் விஷயத்தை மட்டும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உன் அத்தையிடம் கேட்டுக்கொள். அடகு வைத்தாரா, விற்றாரா என்று அவளுக்கும் எனக்கும் இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா