தாத்தாவின் நட்சத்திரம்

கேள்வி: பர்மா போருக்குப் போய்த் திரும்பிய என் தாத்தாவின் பெட்டியில் இரண்டு பதக்கங்கள் இருக்கின்றன. காகிதம் எதுவும் இல்லை. அவர் எந்தப் படையில் இருந்தார் என்று அறிய முடியுமா?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று. பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! காகிதம் இல்லாத குறையை அந்த உலோகமே தீர்க்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுடையதில் பெரும்பாலும் உண்டு. ஆறு முனை நட்சத்திரம் என்றால் முதுகுப்புறம் பாருங்கள். வட்டப் பதக்கமென்றால் விளிம்பில். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சமும் போதும். படை எண், பதவி, பெயர், பிரிவு என்று ஆங்கிலப் பொடி எழுத்து தெரியும். 'எஸ்.பி.ஆர்.' என்றிருந்தால் சாப்பர், அதாவது பொறியாளர் படைச் சிப்பாய். 'ஐ.இ.' என்றால் இந்தியப் பொறியாளர் படை.

இதில் படை எண்தான் முக்கியம். முனுசாமிகள் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஒரு பிரிவுக்குள் ஓர் எண் ஒருவருக்குத்தான். பிரிவு தெரிந்ததும் அதன் ஆவணக் காப்பகத்துக்கு எண்ணோடு கடிதம் போடுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். லண்டனுக்கு எழுதச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் அங்கே போகவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பட்டியலும் உதவாது. அது போரில் இறந்தவர்களுக்கானது. உங்கள் தாத்தாதான் ஊர் திரும்பிவிட்டாரே.

பாட்டி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தையும் தேடுங்கள். அதிலும் படை எண் இருக்கும்.