ஓர்கிட் செடியில் பூச்சியா? வீட்டுக்குள் நஞ்சு வேண்டாம்



கனடாவில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் எமது வீடுகளில் பூத்து நிற்பது பெரும்பாலும் யன்னலோரத்து ஓர்கிட் செடி ஒன்றுதான். குடிபுகுதல், பிறந்தநாள், அன்னையர் தினம் என்று யாராவது பரிசாகக் கொண்டுவந்து தருவார்கள். பேரங்காடிகளிலும் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று மாதங்கள் வாடாமல் பூத்திருப்பதால் சாமியறையிலும் விறாந்தையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

ஒருநாள் இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ தெரியும். தொட்டால் பிசுபிசுக்கும். உடனே பலர் செய்வது, கரப்பானுக்கு வைத்திருக்கும் ஸ்பிரேயை எடுத்துச் செடிக்கும் அடிப்பதுதான். பூச்செடி விடயத்தை நலவாழ்வுப் பகுதியில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். ஓர்கிட்டைத் தாக்கும் பூச்சிகள் மனிதரைக் கடிப்பதில்லை, எமக்கு நோய் பரப்புவதும் இல்லை. அவற்றைக் கொல்ல நாம் பயன்படுத்தும் பொருட்களே வீட்டில் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்கின்றன.

பனிக்காலத்து வீடு வேறு

ஊரில் தோட்டத்துக்கு மருந்தடித்தால் காற்று கொண்டுபோய்விடும். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை யன்னல்கள் அடைத்தே இருக்கும். சூடாக்கி இயங்கும்போது அதே காற்றுத்தான் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் சுற்றிச் சுற்றி வருகிறது. விறாந்தையில் அடித்த மருந்தின் ஆவி குழந்தை உறங்கும் அறைக்கும் போகும். நிலத்திலும் கம்பளத்திலும் படிந்தது, தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஆஸ்துமா என்னும் முட்டு வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயோதிபர்கள் இருக்கும் வீடுகளில் இன்னும் கூடிய கவனம் தேவை. பூனை வளர்ப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பல பூச்சி ஸ்பிரேக்களில் உள்ள பெர்மெத்ரின் என்ற மருந்து பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.

ஓர்கிட் செடியால் இந்த அபாயம் இல்லை. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பலனொப்சிஸ் வகை, பிள்ளைகளுக்கோ நாய் பூனைகளுக்கோ நஞ்சானதல்ல.

முதலில் பூச்சிதானா என்று பாருங்கள்

பூத்தண்டிலும் மொட்டின் அடியிலும் தெளிவான, தேன் போன்ற துளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓர்கிட் செடிகள் தாமாகவே இப்படி இனிப்பு நீரைச் சுரப்பது உண்டு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு வெளிச்சத்தைப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தையும் இலை தண்டோடு சேரும் இடுக்கையும் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் செடி நலமாக இருக்கிறது.

பூச்சி இருந்தால் அது பெரும்பாலும் பின்வருவனவற்றில் ஒன்றாக இருக்கும்.

1. மாவுப்பூச்சி: ஊரில் வெண்மூட்டுப்பூச்சி என்பார்கள். வெள்ளைப் பஞ்சு போல இருக்கும். இலை இடுக்கிலும் பூவின் பின்புறத்திலும் ஒளிந்திருக்கும். சில வேளை வேரிலும் இருக்கும். ஓர்கிட்டுக்கு அதிக தொல்லை தருவது இதுவே.

2. செதில் பூச்சி: மண்ணிறத்தில் சிறு பொட்டுப் போல இலையிலும் தண்டிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். மேலே ஓடு இருப்பதால் தெளிக்கும் மருந்து இதற்குள் இலகுவில் போகாது. கையால் அகற்றுவதே சிறந்தது.

3. சிற்றுண்ணி: கண்ணுக்கு அரிதாகவே தெரியும். இலை பளபளப்பை இழந்து வெள்ளிப் புள்ளிகள் விழுந்தது போலாகும். நுண்ணிய வலையும் தெரியலாம். சூடாக்கியால் காய்ந்த காற்றில் இவை விரைவாகப் பெருகும். வெள்ளைக் கடதாசியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் செம்மண்ணிறக் கறை படியும்.

4. இலைப்பேன்: ஊரில் பனிப்பூச்சி என்போம். பூவிதழ்களில் வெளிறிய கீறல்கள் விழும். மொட்டுகள் கோணலாக விரியும்.

5. அழுக்கணவன்: இளம் பூத்தண்டிலும் மொட்டிலும் கூட்டமாக இருக்கும்.

6. சிறு கறுப்பு ஈ: சாடியைச் சுற்றிப் பறக்கும், நுளம்பு போலத் தெரியும், ஆனால் கடிக்காது. சாடியில் உள்ள மரப்பட்டை உக்கிப்போனதையும் தண்ணீர் கூடிவிட்டதையும் காட்டும் அறிகுறி இது. நீர் ஊற்றுவதைக் குறைத்து, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைச் சாடியில் குத்தி வைத்தால் போதும். உக்கிய பட்டையை மாற்றினால் திரும்ப வராது.

கையாலேயே அகற்றும் முறை

ஓர்கிட்டின் இலைகள் சிலவே, அவையும் அகலமானவை. ரோசாச் செடியைப் போல நூற்றுக்கணக்கான இலைகள் இல்லை. அதனால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தே பூச்சியைத் தீர்க்கலாம். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

முதலாவது, செடியைத் தனியாக்குங்கள். மற்றச் செடிகளில் இருந்து தூரமான வேறோர் அறைக்குக் கொண்டுபோங்கள். மாவுப்பூச்சியின் குஞ்சுகள் ஊர்ந்தே அடுத்த சாடிக்குப் போய்விடும்.

இரண்டாவது, கழுவுங்கள். குளியல் தொட்டியில் வைத்து இளஞ்சூடான நீரால் இலையின் இரு பக்கத்தையும் மெதுவாகக் கழுவுங்கள். சிற்றுண்ணியும் அழுக்கணவனும் இதிலேயே பெருமளவு போய்விடும். கழுவியபின் நடுக்குருத்தில் தேங்கிய நீரைக் கடதாசிக் கைத்துண்டால் ஒற்றி எடுங்கள். நீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும்.

மூன்றாவது, துடையுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 வீத ரபிங் அல்ககோலைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, தெரியும் ஒவ்வொரு பூச்சியிலும் வையுங்கள். அதன் மெழுகுப் போர்வை கரைந்து பூச்சி சாகும். முதலில் ஓர் இலையின் மூலையில் மட்டும் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை கருகாவிட்டால் தொடரலாம். பூவிலும் வேரிலும் அல்ககோல் படக்கூடாது.

நான்காவது, சவர்க்காரக் கரைசல். எங்கும் பரவியிருந்தால் பூச்சிகளுக்கென்றே விற்கப்படும் பூச்சிகொல்லிச் சவர்க்காரத்தை லேபலில் உள்ள அளவுப்படி பயன்படுத்துங்கள். இது பூச்சியின் உடலில் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும், காய்ந்தபின் பயனில்லை. ஆகவே இலையின் அடியிலும் இடுக்கிலும் நன்கு நனையவேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு ஈடல்ல. அதிலுள்ள சேர்மானங்கள் இலையைக் கருக்கக்கூடும். தெளித்த செடியை நேர்வெய்யிலில் வைக்கவேண்டாம்.

ஐந்தாவது, திரும்பவும் செய்யுங்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். துடைத்தவுடன் செடி சுத்தமாகத் தெரியும். ஆனால் கண்ணில் படாத முட்டைகள் இருக்கும், அவை ஒன்றிரண்டு கிழமைகளில் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவையாக நான்கு முதல் ஆறு கிழமைகள் தொடருங்கள். விரத நாளைப் போல ஒரு குறித்த நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

வேரிலும் பூச்சி இருந்தால் பழைய மரப்பட்டையை முழுதாக அகற்றி, வேரைக் கழுவி, புதிய பட்டையில் நடுங்கள். சாடியைச் சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுக் கழுவுங்கள். இலைப்பேன் பிடித்த பூத்தண்டை வெட்டி, பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

அல்ககோலில் கவனம்

ரபிங் அல்ககோல் இலகுவில் தீப்பற்றும். சாமிவிளக்கு, ஊதுபத்தி, எரியும் அடுப்பு இருக்கும் இடத்தில் இதைத் திறக்கவேண்டாம். ஸ்பிரேப் போத்தலில் ஊற்றி வீடு முழுவதும் விசிறாமல் பஞ்சில் தொட்டே பயன்படுத்துங்கள். குளியலறை விசிறியைப் போட்டுக்கொண்டு செய்வது நல்லது. வேலை முடிந்ததும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று எடுத்துக் குடிக்க ஒரு நொடி போதும்.

செய்யக்கூடாதவை

ஊரிலிருந்து மருந்து கொண்டுவராதீர்கள். வயலுக்கு அடிக்கும் செறிவான மருந்து, அடைத்த வீட்டில் ஆளைக் கொல்லும். 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் அல்பேட்டா மாகாணத்தின் போர்ட் மக்மரி நகரில், மூட்டைப்பூச்சிக்கென்று பாகிஸ்தானிலிருந்து கொண்டுவந்த மருந்தை ஒரு குடும்பம் வீட்டுக்குள் வைத்தது. அதிலிருந்து வெளியான பொஸ்பீன் வாயுவால் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளுக்குத் தொல்லை இருக்கக்கூடாது என்று எண்ணித்தான் அந்தப் பெற்றோரும் அதை வைத்திருப்பார்கள். ஊரில் எல்லோரும் பாவிக்கிறார்கள் என்பதால் ஒரு மருந்து இந்த வீட்டுக்குப் பொருந்திவிடாது.

புகையிலைத் தண்ணீர் வேண்டாம். பழைய கைமருந்துதான், ஆனால் அதிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். தலைச்சுற்றும் வாந்தியும் வரும். சிறுபிள்ளை சிறிதளவு குடித்தாலும் ஆபத்து. புகையிலையில் இருக்கும் வைரசு ஓர்கிட்டையும் தொற்றலாம்.

பூச்சி உருண்டைகளைச் சாடியில் போடாதீர்கள். அதன் மணமே நஞ்சு ஆவிதான். ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு நப்தலீன் உருண்டையால் செங்குருதிக் கலங்கள் சிதைந்து கடும் சோகை வரும். எம்மவரிலும் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாமலே இருக்கும். வெள்ளை உருண்டையை இனிப்பு என்று பிள்ளைகள் வாயில் போடுவதும் உண்டு.

வேப்பெண்ணெய் இயற்கையானது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். மலேசியாவில் சிறு உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் குடிக்கக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டதை 1981இலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் போத்தலையும் பூட்டி வையுங்கள்.

கடையில் மருந்து வாங்கத்தான் வேண்டுமென்றால் லேபலைப் படியுங்கள். கனடாவில் சட்டப்படி விற்கப்படும் பூச்சிமருந்தில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பதிவு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுக்குள் வளரும் செடிக்குப் பாவிக்கலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்கவேண்டாம். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மா, அப்பப்பாவுக்கு வீட்டுப் பிள்ளைகள் இதை வாசித்துச் சொல்லலாம்.

ஈரப்பதனும் பாசியும்

சிற்றுண்ணிக்கு ஈரக்காற்று பிடிக்காது என்பதற்காக இரவு பகலாக ஈரமூட்டியைப் போடுபவர்கள் உண்டு. வீட்டின் ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேலே போனால் குளிர்ந்த யன்னல் ஓரங்களிலும் சுவர்களிலும் பூஞ்சணம் பிடிக்கும், அது முட்டு வருத்தத்தைக் கூட்டும். கடுங்குளிரில் 30 வீதமளவே போதுமானது. செடிக்கு வேண்டுமானால் கூழாங்கல் பரப்பிய தட்டில் சிறிது நீர் விட்டு, சாடியின் அடி நீரில் தொடாதபடி அதன்மேல் வையுங்கள்.

சில ஓர்கிட் செடிகள் காய்ந்த பாசியில் நடப்பட்டு வருகின்றன. அதில் சில வேளை ஒருவகைப் பூஞ்சை இருக்கும். விரலில் கீறல் இருந்தால் அதன் வழியாகப் புகுந்து ஆறாத புண்ணை உண்டாக்கும். ஆகவே கையுறை அணிந்தே சாடி மாற்றுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். மரப்பட்டையை முதலில் நனைத்துக்கொண்டால் தூசு மூக்குக்குள் போகாது.

வராமல் தடுக்க

புதிதாக வந்த செடியை மூன்று கிழமையாவது மற்றவற்றோடு சேர்க்காமல் வையுங்கள். கோடையில் வெளியே வைத்த செடியை, இரவுக் குளிர் 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் கழுவி, பார்த்து உள்ளே எடுங்கள். கிழமைக்கு ஒரு முறை நீர் ஊற்றும்போதே இலையின் அடியையும் பாருங்கள். ஒரு பூச்சியாக இருக்கும்போது பிடித்தால் ஒரு பஞ்சுக்குச்சியோடு முடிந்துவிடும்.

ஆறு கிழமை பார்த்தும் தீராவிட்டால் செடியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அன்பளிப்பாக வந்தது என்று மனம் கேட்காதுதான். ஆனால் வேறு செடி வாங்கலாம். தந்தவர்களும் உங்கள் பிள்ளைகளின் நலனையே விரும்புவார்கள்.

தவறுதலாக நஞ்சு பட்டுவிட்டால்

தோலில் அல்லது கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நனைந்த உடையைக் கழற்றுங்கள். சுவாசித்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நஞ்சு ஆலோசனை நிலையத்தை அழையுங்கள். இலக்கம் 1-844-764-7669. கியூபெக்கில் உள்ளவர்களுக்கு 1-800-463-5060. மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் 911.

சுருக்கமாக: பூச்சியை இனங்காணுங்கள், செடியைத் தனியாக்குங்கள், கழுவித் துடையுங்கள், கிழமைதோறும் திரும்பச் செய்யுங்கள், முடியாவிட்டால் எறியுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால் நஞ்சு ஆலோசனை நிலையத்தின் இலக்கம் அவசரத்தில் தேடாமலே கிடைக்கும்.